கையில் ஸ்க்ரூடிரைவரோடு ஒரு கதாநாயகன்

அவளுக்கு ரைட்டரம்மா என்று பெயர் வைத்தது அவள் வீட்டுக்காரர்தான். பாராட்டி வைத்த பெயர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒருநாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே நின்றுகொண்டு அவள் செல்போனில் ஒரு கதாநாயகனை மன்னிப்புக் கேட்க வைத்துக்கொண்டிருந்தாள். தீய்ந்த வாசனை பிடித்து உள்ளே வந்தவர், "ரைட்டரம்மா, அவன் மன்னிப்புக் கேட்டது போதும், அடுப்ப நிறுத்து" என்றார். அன்றைக்கே அவருடைய தங்கை, அதாவது ரைட்டரம்மாவின் நாத்தனார், "நீங்க போய் எழுதுங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்று கரண்டியை வாங்கிக்கொண்டாள். வாங்கியது வாங்கியதுதான். அவளும் திருப்பித் தரவில்லை, யாரும் திருப்பிக் கேட்கவும் இல்லை.

பகலில் ரைட்டரம்மாவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கையும் காதையும் பார்த்து ஃப்ரேம் எடுத்துக் கொடுக்க வேண்டும். எதைப் போட்டாலும் பொருந்தாத முகங்களிடம்கூட "இது உங்களுக்கு எடுப்பா இருக்கு சார்" என்று சொல்ல வேண்டும். அவளுடைய கற்பனை வளத்துக்கு அடித்தளம் அந்தக் கடைதான் என்று தாராளமாகச் சொல்லலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம், மாலையில் வீட்டுக்கு வந்து சோபாவில் காலை மடக்கிக்கொண்டு மிச்சம் என்று, வாரத்துக்கு மூன்று அத்தியாயம் எழுதுவாள். இணையத்தில் பெண்களே எழுதி, பெண்களே படித்து, பெண்களே அழுது சிரிக்கும் தளம் ஒன்றில் அவை வெளியாகும். அங்கே அத்தியாயத்துக்கு 'எபி' என்று பெயர், எழுதுகிறவளுக்கு 'சிஸ்' என்று பெயர். அவளுக்கு ஒரு புனைபெயரும் உண்டு. வீட்டில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் இங்கேயும் வேண்டாம்.

அவள் எழுத வந்த கதையே கோபத்தில் தொடங்கிய கதை. கல்யாணத்துக்கு முன்னால் வாடகை நூல்நிலையத்தில் மாத நாவல் எடுத்துப் படிப்பாள். ஒரு நாவலில் கதாநாயகன் முகத்தைச் சுளித்தான் என்பதற்காகக் கதாநாயகி நல்ல வேலையை விட்டுவிட்டு அவன் காலடியில் போய் உட்கார்ந்தாள். ரைட்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசிப் பக்கத்தைக் கிழித்தெறிந்துவிட்டு, தானே ஒரு முடிவு எழுதி, பசை தடவி ஒட்டித் திருப்பிக் கொடுத்தாள். நூல்நிலையக்காரர் அதற்குப் பிறகு அவளை வாசல்படி ஏற விடவில்லை.

அப்படிப் பொங்கி எழுந்தவள் பிறகு என்ன எழுதினாள் என்று கேட்காதீர்கள். சுளித்த முகத்துக்காரனைத்தான் எழுதினாள். வாசகிகள் அவனைத்தான் கேட்டார்கள். இரண்டாவது எபியில் கார்க் கதவு திறக்கும். முதலில் ஷூ இறங்கும், பிறகு கைக்கடிகாரம், அதற்கப்புறம்தான் ஆள். ஆறடிக்குக் குறைந்தால் எடுபடாது. ஒரு பெரிய கம்பெனிக்கு முதலாளியாக இருப்பான். அந்தக் கம்பெனி எதைத் தயாரிக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. கதாநாயகியின் மணிக்கட்டைப் பிடிப்பான், அவள் அறைவாள், விதி இரண்டு பேரையும் ஒரே வீட்டில் கொண்டுபோய் அடைக்கும். கடைசியில் அவன் கண் கலங்கி ஒரு மன்னிப்பு. அதற்கப்புறம் இரட்டைக் குழந்தை. சுபம்.

இதையெல்லாம் தளத்தில் ஏற்றுவதற்கு முன்னால் படித்துப் பிழை பார்ப்பது நாத்தனாரின் வேலை. காலையில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பில் உட்காருவாள். மூன்று மணிக்கு வீடு திரும்பினால் சமையல், துணி, மார்க்கெட், அண்ணனின் மாத்திரை எல்லாம் அவள் பொறுப்பு. நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்த வருஷங்களில் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அம்மா போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை பார்க்கிறவர்களின் உற்சாகமும் கூடவே போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியமானால் அண்ணியும் நாத்தனாருமாக ஒரு காதல் படம் போட்டுவிடுவார்கள். சிரிப்புப் படமாக இருக்க வேண்டும். பையன் வீடு ஒரு பாஷை, பெண் வீடு வேறு பாஷை, இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு திரிவார்கள், கடைசிப் பாட்டில் சேர்ந்து ஆடுவார்கள். "இப்ப மழை வரும் பாருங்க அண்ணி" என்பாள் நாத்தனார். மழை வந்துவிடும். ஒரு தடவை திரையில் கதாநாயகன் விமான நிலையத்தில் வேலியைத் தாண்டி ஓடிவந்தபோது அவள் பெருமூச்சு விட்டு, "ஆம்பளன்னா இப்படி இருக்கணும்" என்றாள். அந்த ஒரு வாக்கியம் ரைட்டரம்மாவின் மனசில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட்டுக்கு வயசாகிவிட்டது. அதைப் பார்க்க ஒருத்தர் வருவார். நாற்பத்து மூன்று நாற்பத்து நாலு இருக்கும், குட்டையான உருவம், முன்நெற்றி கொஞ்சம் ஏறிவிட்டது. ஒருமுறை நாத்தனார் காய்கறிப் பையோடு லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டாள். படமாக இருந்தால் விளக்கு அணைந்து ஒரு பாட்டு வந்திருக்கும். இங்கே லிஃப்ட்காரர் வந்து கதவை நெம்பித் திறந்து, "கீரை வாடிடுச்சேங்க" என்று வருத்தப்பட்டார். அவ்வளவுதான் அறிமுகம். ஆனால் அதற்குப் பிறகு அந்த லிஃப்ட் முன்னைவிட அடிக்கடி பழுதுபார்க்கப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்து, நேராக அண்ணனிடம் சொன்னார்: "உங்க தங்கச்சியக் கல்யாணம் பண்ணிக்க எனக்கு விருப்பம்ங்க. அவங்ககிட்ட கேட்டேன், வீட்ல கேளுங்கன்னாங்க. அடுத்த மாசம் என்னை வேற ஊருக்கு மாத்தறாங்க. அதுக்குள்ள சொன்னா நல்லாருக்கும்."

அவர் போனதும் வீட்டுக்காரர் தங்கையிடம், "உன் இஷ்டம்மா" என்றார். ரைட்டரம்மாவும் தலையை ஆட்டினாள். நாத்தனார் இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஈரத் துணியை உதறிக்கொண்டே "வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றாள். காரணம் கேட்டதற்கு, "சரிப்பட்டு வராது அண்ணி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

ரைட்டரம்மாவுக்கு அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. லிஃப்ட்காரர் தங்கமான ஆள். குடி கிடையாது, சத்தம் கிடையாது, கீரைக்கே வருத்தப்படுகிறவர். அவரைப் போய் ஏன் வேண்டாம் என்றாள்? யோசித்து யோசித்துக் கடைசியில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டாள். வேறு யார், அவளேதான். இத்தனை வருஷமாக ஆறடிக்காரர்களை வரிசையாகப் படைத்து, அவர்களைப் பிழை பார்க்கவும் கொடுத்து, ஒரு பெண்ணின் மனசைக் கெடுத்துவிட்டோம்! இந்தக் கண்டுபிடிப்பில் அவளுக்கு வருத்தம் இருந்தது உண்மை. கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதையும் மறைப்பதற்கில்லை. நம் எழுத்துக்கு ஒரு கல்யாணத்தையே நிறுத்தும் சக்தி இருக்கிறதே என்று எந்த எழுத்தாளருக்குத்தான் உள்ளூரக் குளிராது?

எழுத்தால் வந்த வினை எழுத்தாலேயே தீரட்டும் என்று புதிய தொடர் ஒன்றைத் தொடங்கினாள். கதாநாயகி ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறவள், அண்ணன் அண்ணியோடு இருக்கிறாள். கதாநாயகன் ஏ.சி. மெக்கானிக். முதல் எபியிலேயே கையில் ஸ்க்ரூடிரைவரோடு வந்துவிட்டான். கார் இல்லை, கடிகாரம் இல்லை. ஏணியிலிருந்து இறங்கும்போது முதலில் தெரிந்தது ரப்பர் செருப்பு. வேலை முடிந்ததும் தரையில் விழுந்த தூசியைத் தானே துடைத்துவிட்டுப் போனான். ரைட்டரம்மா உயிரைக் கொடுத்து எழுதினாள். தொடர் ஒரு மாதம் ஓடினால் போதும், நாத்தனார் மனசு மாறிவிடும், லிஃப்ட்காரர் ஊர் மாறுவதற்குள் எல்லாம் கூடிவரும் என்பது கணக்கு.

வாசகிகள் படித்தார்கள். "சூப்பர் ஸ்டார்ட் சிஸ். ஹீரோ என்ட்ரி அடுத்த எபிலயா?" என்று கேட்டார்கள்.

சரி, போகப் போகப் புரியும் என்று விட்டாள். நாலு எபி போயிற்று. "அந்த ஏ.சி. அண்ணா கேரக்டர் ரொம்ப நல்லாருக்கு சிஸ், ஹீரோவோட ஃப்ரெண்டா?" என்று ஒருத்தி. "ஹீரோவ ரொம்ப நாள் ஒளிச்சு வெக்கறீங்க, பெரிய பில்டப் போல" என்று இன்னொருத்தி. கதையில் கிளினிக் முதலாளியாக ஒரு பல் மருத்துவர் வருவார். மூன்றாவது எபியில் அவருக்கு ஒரே ஒரு வசனம், "அடுத்தவங்கள வரச் சொல்லு" என்று. கிழவரா குமரரா என்றுகூட ரைட்டரம்மா எழுதவில்லை. போதுமே! அந்த மூன்று வார்த்தையில் இருக்கும் அதிகாரத்தைப் பாருங்கள், இவன்தான் ஹீரோ என்று ஒரு கூட்டம் முடிவு கட்டிவிட்டது. அவருக்குத் தாடி வைத்து, கோட்டு மாட்டி, மழையில் நிறுத்தி அட்டைப்படம் வேறு செய்து அனுப்பினார்கள்.

ரைட்டரம்மாவுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கடையில் ஒருவருக்குக் கிட்டப்பார்வைக்கு வைத்திருந்த கண்ணாடியை எடுத்து வேறொருவர் மூக்கில் மாட்டிவிட்டாள். பொறுக்கமாட்டாமல் பின்னூட்டத்தில் தானே போய், "ஏ.சி. மெக்கானிக்தான் ஹீரோ" என்று பச்சையாக எழுதினாள். அதற்கு விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்தன. "எங்கள நல்லா கொழப்பறீங்க சிஸ், நாங்க நம்ப மாட்டோம்" என்றது ஒரு பதில்.

தளத்தை நடத்துகிற பெண்மணி போனில் கூப்பிட்டாள். அவளை எல்லோரும் அட்மின் அக்கா என்பார்கள்.

"சிஸ், எல்லாரும் கேக்கறாங்க. ஹீரோவ எறக்குங்க."

"எறக்கியாச்சுக்கா. மொத எபில இருந்து அவன்தான்."

"யாரு, அந்த ஸ்க்ரூடிரைவரா?"

"ஆமா."

"விளையாடாதீங்க சிஸ். அவனுக்கு வேணா ஒரு நர்ஸ ஜோடி சேத்து விடுங்க. பாவம், நல்ல பையன்."

பிடிவாதத்தில் ரைட்டரம்மா அடுத்த எபியிலேயே ஏ.சி. மெக்கானிக்கைக் கதாநாயகியின் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிப் பெண் கேட்க வைத்தாள். லிஃப்ட்காரர் பேசிய பேச்சை ஏறக்குறைய அப்படியே போட்டாள். எழுதும்போது அவளே அழுதுவிட்டாள். வாசகிகளும் அழுதார்கள். எதற்கு? ஒருதலைக் காதல் ஜெயிக்காதே என்று. "ஏ.சி. அண்ணாவ நினைச்சா தூக்கமே வரல சிஸ். ஹீரோ வந்து ஹீரோயின கூட்டிட்டுப் போறப்ப இவர் தாங்குவாரா?"

ஊர் முழுக்கப் புரிந்துகொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, யாருக்காக இந்தப் பாடு படுகிறோமோ அவளாவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? நாத்தனார் ஒவ்வொரு எபியையும் அடுப்பங்கரையில் நின்றபடி படித்தாள். "இந்த எடத்துல ரெண்டு தடவ ஒரே வரி வந்திருக்கு அண்ணி" என்பாள். "அந்தத் தூசி தொடைக்கிற எடம் நல்லாருக்கு" என்றாள் ஒருநாள். அதோடு சரி. செவிடன் காதில் ஊதிய சங்குதான். மாதமோ முடிந்துகொண்டே வந்தது. கீழே லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் லிஃப்ட்காரர் புதிதாக வரப்போகிறவருக்கு எந்த மாடியில் கதவு சிக்கும் என்று விளக்கிக்கொண்டிருப்பதை ரைட்டரம்மா தன் கண்ணாலேயே பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் படம் ஓடியது. நாத்தனார் மடியில் பயறு உரிக்கும் தட்டு. வீட்டுக்காரர் உள்ளறையில் படுத்திருந்தார். திரையில் ஒரு கதாநாயகன் யாருடைய கல்யாண மேடையிலோ ஏறி நின்று, தன் காதலை மைக்கில் விளக்கிக்கொண்டிருந்தான்.

"இந்த மாதிரி ஒருத்தன் வந்தாத்தான் நீ சரின்னு சொல்லுவியா?" என்றாள் ரைட்டரம்மா.

"என்ன அண்ணி?"

அவ்வளவுதான், இத்தனை நாள் அடக்கி வைத்தது மடை திறந்துவிட்டது. "உனக்காகத்தான் இந்தக் கருமத்த எழுதிட்டிருக்கேன். பாக்கறவங்க எல்லாம் என்னை லூசுன்னு சொல்றாங்க. அந்த மெக்கானிக் யாருன்னு உனக்குத் தெரியாதா? நல்ல மனுஷன் வீடு தேடி வந்து கேட்டா, குட்டையா இருக்கான், ஹீரோ மாதிரி இல்லன்னு வேண்டாம்னு சொல்றியே. நாளன்னிக்கு அவர் கெளம்பிடுவார். என் கதையப் படிச்சுத்தான் நீ இப்படி ஆயிட்டன்னா நான் இனிமே எழுதவே மாட்டேன்."

நாத்தனார் படத்தை நிறுத்தினாள். அவளுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. இப்போதும் கோபம் என்று சொல்ல முடியாது. முகம் மட்டும் சிவந்திருந்தது.

"அவர் யாருன்னு மொத எபிலயே தெரிஞ்சிடுச்சு அண்ணி. குட்டையா இருக்கார்னு நான் எப்ப சொன்னேன்?"

"பின்ன எதுக்கு வேண்டாம்ன?"

"அன்னிக்கு அவர் போனதும் அண்ணன் உன் இஷ்டம்னு சொன்னார். சொல்லிட்டு உங்களப் பாத்தார். இவ போயிட்டா வீட்ட யாரு பாப்பான்னு கேக்கற மாதிரி. நீங்க தலைய ஆட்டிட்டு போனப் பாத்தீங்க. அன்னிக்கு எபி போடற நாள். ரெண்டு பேர் மூஞ்சியையும் பாத்துட்டுத்தான் நான் முடிவு பண்ணேன்."

"அதுக்கு நீ வாயத் திறந்து கேட்டிருக்கலாமே."

"நான் கேக்கணுமா? போம்மா, நாங்க பாத்துக்கறோம்னு யாராவது ஒருத்தர் சொல்லுவீங்கன்னு ரெண்டு நாள் பாத்தேன். அதுக்கப்புறமும் நீங்க கதைதான் எழுத ஆரம்பிச்சீங்க." அவள் தட்டைக் கீழே வைத்தாள். "அந்தக் கதையிலயும் அந்தப் பொண்ணுக்கு ஒரு அண்ணி இருக்கா. ரொம்ப நல்லவ. நாத்தனார் கல்யாணத்துக்காக உருகறா. ஆனா இத்தனை எபில ஒரு தடவகூட அவ அடுப்பங்கரைக்குள்ள வரல. நான்தான பிழை பாக்கறேன். வருவாளான்னு ஒவ்வொரு தடவையும் பாத்தேன்."

ரைட்டரம்மா விதவிதமான ஆண்களுக்கு விதவிதமான மன்னிப்பு வசனம் எழுதிக் கொடுத்தவள். தன் முறை வந்தபோது ஒரு வார்த்தை அகப்படவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிட, இவ்வளவு நாள் வாசகிகளைத் திட்டியதெல்லாம் ஞாபகம் வந்து எரிச்சலாக இருந்தது. கண்ணெதிரே இருப்பவனை அவர்கள் கதாநாயகனென்று பார்க்கவில்லை என்றுதானே திட்டினாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து, "டீ கெடைக்குமா?" என்று குரல் வந்தது.

நாத்தனாரின் உடம்பு பழக்கத்தில் தானாக எழுந்தது. ரைட்டரம்மா அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள்.

"உக்காரு. நீ போய் அவருக்குப் போன் பண்ணு. வீட்ட நாங்க பாத்துக்கறோம். இத அன்னிக்கே சொல்லியிருக்கணும். இப்ப சொல்றேன்."

"இப்ப சொல்லி என்ன அண்ணி, அவருக்கு நான் பதில் சொல்லியாச்சே."

"மாத்திச் சொல்லு. எடுக்கலன்னா நான் கீழ போய் நிக்கறேன். போ."

நாத்தனார் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். நம்பலாமா என்று பார்த்த மாதிரி இருந்தது. பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் பேசுவது தெரிந்தது. இந்த மாதிரிக் கட்டங்களில் கதாநாயகி என்ன பேசுவாள் என்று ரைட்டரம்மாவுக்கு அத்துப்படி. காதைக் கொடுத்துக் கேட்டாள். "சாயங்காலம் வேலை இருக்கா? இல்ல, வீட்டுக்கு வர முடியுமான்னு கேட்டேன்" என்பது மட்டும் விழுந்தது. அதற்குப் பிறகு நாத்தனார் வெகுநேரம் எதையோ கேட்டுக்கொண்டே நின்றாள். பால்கனிக் கம்பியைப் பிடித்திருந்த கை, பிடியை விட்டுக் கன்னத்துக்குப் போயிற்று.

ரைட்டரம்மா அடுப்பங்கரைக்குள் போனாள். பாலை அடுப்பில் வைத்துப் பக்கத்திலேயே நின்றாள். மேல் தட்டில் ஒரே மாதிரி டப்பாக்கள் வரிசையாக இருந்தன. முதல் டப்பாவைத் திறந்தாள், பருப்பு. அடுத்தது உப்பு. அதற்கடுத்ததில் ஏதோ ஒரு மாவு. டீத்தூள் எப்படியோ அகப்பட்டுவிட்டது. சர்க்கரையைக் காணோம். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து, பிறந்த மகன் வளர்ந்து கல்லூரி விடுதிக்கே போய்விட்டான். தன் வீட்டில் சர்க்கரை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரர் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார். டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"சர்க்கரை போடலயா?"

"எங்க இருக்குன்னு தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

அவர் டப்பாக்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பால்கனிப் பக்கம் திரும்பி, "அவளக் கேட்டா சொல்லுவா" என்றார்.

"அவள யாரும் கூப்பிடக் கூடாது. அந்த டம்ளர வெச்சிட்டு வாங்க. நீங்க கீழ் தட்டுல தேடுங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரை வைத்தார். முழங்கால் வலிக்கிறது என்று முனகியபடியே தரையில் உட்கார்ந்து முதல் டப்பாவைத் திறந்தார்.